தங்கப் பெயின்ட் அடித்த பைன் காயை வாங்காதீர்கள்

டெல்லி சதர் பஜாரில் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான் விற்கிற ஒரு கடையில் பன்னிரண்டு பைன் காய் உள்ள பாக்கெட் வாங்கினேன், 240 ரூபாய். ஐந்துக்கு மூன்று ஸ்டார். அந்த மூன்றும் மரத்துக்கு, கடைக்கு இல்லை.

எட்டாம் வகுப்பு மகளுக்குப் பைன் காயின் செதில் வரிசைகளை எண்ணுகிற கணக்கு ப்ராஜெக்ட், அதற்காக மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ மாறி மாறிப் போய் வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால் ஐந்து காய்க்குத் தங்கப் பெயின்ட் அடித்திருக்கிறது, மேலே நல்லதாக அடுக்கி இதையெல்லாம் அடியில் ஒளித்திருக்கிறார்கள். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் பெயின்ட் இறங்கி அப்பிக்கொண்டதில் எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வாசலில் தோரணம் கட்ட அது போதும், எண்ணுவதற்கு ஆகாது.

மீதி ஏழும் அருமை. காயைத் திருப்பிக் காம்புப் பக்கம் பாருங்கள். அங்கிருந்து செதில்கள் சுருள் சுருளாகக் கிளம்பும், படுத்தவாக்கில் ஒரு பக்கம் 8 வரிசை, கொஞ்சம் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் 13 வரிசை. வெறும் கண்ணால் எண்ணினால் மூன்றாவது வரிசையிலேயே தடுமாறும், அதனால் சாக்பீஸால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறம் போட்டோம். எங்கள் ஏழில் நான்கில் 13 வரிசை வலப்பக்கம் சுற்றியது, மூன்றில் இடப்பக்கம்.

5, 8, 13 எல்லாம் ஃபிபோனாச்சி எண்கள், முந்தின இரண்டைக் கூட்டினால் அடுத்தது. ஃபிபோனாச்சி என்ற இத்தாலியக் கணித அறிஞரின் புத்தகம் 1202ல் வந்தது, அதற்கு முன்பே நம் நாட்டுச் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் இதே எண்களை யாப்புக் கணக்கில் சொல்லிவிட்டார். நமக்கு இது சுலபமாகப் புரியும்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 5 மாத்திரையை இந்த இரண்டால் நிரப்ப 8 வழி, 6 மாத்திரைக்கு 13 வழி. நம்பிக்கை இல்லாவிட்டால் எழுதிப் பாருங்கள், நானும் எழுதிப் பார்த்துத்தான் நம்பினேன்.

மரத்துக்குக் கணக்கு தெரியுமா என்று மகள் கேட்டாள். தெரியாது. பிஞ்சின் நுனியில் புதுச் செதில் முளைக்கும்போது இருப்பதிலேயே பெரிய இடைவெளியில் முளைக்கிறது, மெட்ரோவில் ஏறுகிறவர் தள்ளிப் போய் உட்காருகிற மாதிரி. 1868லேயே ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் சொன்ன விஷயம் இது. அப்படியே போகப் போக ஒரு செதிலுக்கும் அடுத்ததற்கும் சுமார் 137.5 டிகிரி திருப்பம் வந்து நிற்கிறது, நாம் எண்ணுகிற சுருள் அதன் விளைவுதான். கடைக்காரர் மரமே முறுக்கித்தான் வளரும் என்று சேர்த்து அடித்துவிட்டார். இமயமலைச் சீர் பைனில் அடிமரத்து நார் முறுக்கிக்கொள்வது உண்மை, அந்தப் பலகை காயும்போது கோணிக்கொள்ளும். ஆனால் அது வேறு முறுக்கு, 8-13 கணக்கில் சேராது.

இரண்டாவது புகாரை நானே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. மூன்று காய் இறுக மூடியிருந்தது, பழுக்காததைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போன் போட்டுச் சண்டை போட்டேன். "தூப் மே ரக்கோ, பெஹன்ஜி" (வெயிலில் வையுங்கள், அக்கா) என்று சொல்லிக் கடைக்காரர் போனை வைத்துவிட்டார். சரி என்று வெயிலில் போட்டால் மறுநாள் மூன்றும் விரிந்துவிட்டது. பாக்கெட்டுக்குள் ஈரம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்கு, ஈரம் பட்டால் வெளியடுக்கு அதிகம் நீண்டு செதிலை உள்ளே வளைக்கும், காய்ந்தால் திறக்கும். உயிர் போன காயிலும் இது நடக்கும். இறக்கை வைத்த விதை காய்ந்த நாளில் காற்றில் போக மரம் செய்த ஏற்பாடு. பெயின்ட் அடித்தவற்றைத் தண்ணீரில் போட்டும் பார்த்தோம், அசையவே இல்லை.

வாங்குவதானால் பெயின்ட் அடிக்காததைக் கேளுங்கள், பாக்கெட்டைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஒரு காயை அம்மா பால்கனியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், அது மூடியிருக்கிற காலையில் வடாம் பிழிவதில்லை.