தட்டா, தசையா? இன்சுலின் எதிர்ப்புக்கு எதை முதலில் பிடிப்பது

"ஏண்டி, கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கவே மாட்டியா?"

பத்தாம் வகுப்புக் காலத்திலிருந்தே பல வீடுகளில் பெண்பிள்ளைகள் கேட்டு வளர்கிற கேள்வி இது. பீர்க்கங்காய் நார், கடலை மாவு, எலுமிச்சை என்று ஒரு சுற்று வந்த பிறகு தோல் எரிவதுதான் மிச்சம். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுக்கும் அந்தப் பட்டை பெரும்பாலும் அழுக்கே அல்ல. இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காமல் போவதுதான் இன்சுலின் எதிர்ப்பு; அதனால் ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுற்றும்போது தோல் செல்கள் மளமளவென்று பெருகுவதால் வருவது. கூடவே மாதவிலக்கு தள்ளிப்போவதும் தாடையில் முடியும் சேர்ந்தால், ஸ்கேனில் 'நீர்க்கட்டி' (பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு) என்று எழுதிவிட்டு 'வெயிட் குறைங்க' என்பார்கள்.

எப்படி என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒன்று சோற்றை நிறுத்தச் சொல்கிறது, இன்னொன்று நடக்கச் சொல்கிறது. இரண்டையும் செய்யலாமே என்பது வாய்க்குச் சுலபம். காலை 7 மணிக்கு பஸ் பிடித்து இரவு 8 மணிக்கு வீடு திரும்பும் 24 வயதுப் பெண்ணால் முதலில் ஒன்றைத்தான் தொடங்க முடியும். என் ஓட்டு உடற்பயிற்சிக்கு. ஆனால் சாப்பாட்டுக் கட்சி தோற்கும் இடமும் உண்டு, ஜெயிக்கும் இடமும் உண்டு. அதையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம்.

இன்சுலின் எதிர்ப்பு உடம்பில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. கல்லீரலிலும் இருக்கும், தசையிலும் இருக்கும். இரவு முழுக்க நீங்கள் தூங்கும்போது கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. 'போதும்' என்று இன்சுலின் சொன்னால் நிறுத்த வேண்டும். கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு அது காதில் விழாது. சாப்பாட்டின் அளவைக் குறைத்தால் முதலில் இளைப்பது இந்தக் கல்லீரல் கொழுப்புதான். இடுப்பளவு மாறுவதற்கு முன்பே, சில வாரங்களுக்குள், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இன்சுலினும் இறங்கத் தொடங்கும். இந்த இடத்தில் சாப்பாட்டுக் கட்சிக்குத்தான் வெற்றி.

சாப்பிட்ட பிறகு நடப்பது வேறு கதை. ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்குப் பெரிய கொள்முதல்காரர் தசை. இன்சுலின் வந்து தட்டினால் தசை செல்லின் உள்ளே இருக்கும் குளுட்-4 என்ற புரதம் மேலே வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். எதிர்ப்பு இருந்தால் தட்டினாலும் கதவு அரைகுறையாகத்தான் திறக்கும். ஆனால் அதே தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தட்டாமலேயே குளுட்-4 மேலே வந்துவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குக் கொல்லைப்புற வழி மாதிரி. பயிற்சி முடிந்த பிறகும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாகக் காது கொடுக்கும். பயிற்சியின் பலமும் பலவீனமும் அந்த 'ஓரிரு நாள்'தான். திங்கட்கிழமை செய்ததை வெள்ளிக்கிழமை வரை கடன் சொல்ல முடியாது.

இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கனடாவின் கிங்ஸ்டனில் உள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகக் குழு 2004-இல் வெளியிட்டது. வயிற்றுப் பருமன் உள்ள, மாதவிடாய் நிற்காத 54 பெண்கள். நான்கு குழு, 14 வாரம். ஒரு குழு சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கியது. இன்னொன்று சாப்பாட்டில் கை வைக்காமல் தினமும் உடற்பயிற்சி செய்து எடை இறக்கியது. மூன்றாவது, பயிற்சியும் செய்து அதற்கு ஈடாகச் சாப்பிட்டு எடையை அப்படியே வைத்துக்கொண்டது. நான்காவது சும்மா இருந்தது. முதல் இரண்டு குழுக்களும் இறக்கிய எடை ஏறக்குறைய ஒன்றே: சுமார் 6.5 சதவீதம். ஆனால் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு உடம்பு காது கொடுக்கும் அளவு) தெளிவாக உயர்ந்தது பயிற்சியால் எடை இறக்கிய குழுவில் மட்டும்தான். எடை இறங்காத மூன்றாவது குழுவிலும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைந்திருந்தது. வீட்டில் இருக்கும் எடை மெஷினை நடுவராக வைத்தால் அந்தக் குழு பூஜ்ஜியம் வாங்கியிருக்கும்.

சிறிய ஆய்வு, ஒரு குழுவுக்குச் சராசரியாகப் பதினைந்து பேர்கூடத் தேறாது என்று எதிர்க்கட்சி சொல்லலாம். நியாயம்தான். அதனால் சீனாவின் டாச்சிங் நகரத்துக்குப் போவோம். சர்க்கரை நோய்க்கு முந்தைய படியில் இருந்த 577 பேரை வைத்து 1986-இல் தொடங்கிய ஆய்வு. ஆறு வருடத்தில் ஒன்றும் செய்யாதவர்களில் 67.7 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு மாற்றியவர்களில் 43.8, உடற்பயிற்சி செய்தவர்களில் 41.1, இரண்டையும் செய்தவர்களில் 46. கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். இரண்டையும் சேர்த்தவர்கள் கூடுதலாக எதையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. அவர்கள் இளம்பெண்கள் மட்டும் அல்ல, நடுவயது ஆணும் பெண்ணும் கலந்தவர்கள். இருந்தாலும், ஒன்றை மட்டும் தொடங்கினால் வீண் என்று நினைத்து எதையுமே தொடங்காமல் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல்.

அப்படியானால் ஏன் பயிற்சிக்கு ஓட்டு? நம் உடம்பின் அமைப்புதான் காரணம். தெற்காசியர்களுக்கு அதே பிஎம்ஐ-யில் (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் நமக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று கோடு போட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே கணக்கு. ஏற்கெனவே தசை குறைவாக உள்ள பெண் காலை டிபனை விட்டு, ராத்திரி இரண்டு சப்பாத்தியில் நாளை முடித்தால், இறங்கும் எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பாக இருக்காது, தசையும் சேர்ந்து போகும். சர்க்கரையை வாங்க வேண்டிய ஆளையே வேலையை விட்டு அனுப்பியது போல. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு பட்டினி கிடந்து எட்டு கிலோ குறைத்து, மறுவருடம் பத்து கிலோ ஏறியவர்களை எனக்கே தெரியும். திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்புதான்.

சாப்பாட்டுக் கட்சிக்குள்ளும் கோஷ்டி உண்டு. அரிசியை ஒழித்துக் கேழ்வரகுக்கு மாறு என்பது ஒன்று. 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், அரிசியில் சுமார் 78. நார்ச்சத்தில் கேழ்வரகு நல்ல முன்னிலை. புரதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று ராகி தோசை சாப்பிட்டால் அதுவும் மூன்று தோசைதான். மாவுச்சத்தே கூடாது என்பது இன்னொரு கோஷ்டி. முதல் சில மாதம் நன்றாகவே பலன் தரும். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் தனக்கு மட்டும் பனீரும் முட்டையும் எத்தனை நாள் ஓடும்? பிசிஓஎஸ்-க்கான 2023 சர்வதேச வழிகாட்டி, எந்த ஓர் உணவுமுறையும் இன்னொன்றைவிட மேல் என்று சொல்லச் சான்று இல்லை என்கிறது. எனக்கு இது பெரிய நிம்மதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) ஆய்வுப்படி இந்தியரின் தட்டில் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து, 12 சதவீதம்தான் புரதம். சோற்றைத் துரத்த வேண்டாம். ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் எது முடியுமோ அதை வைத்தால் போதும். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டிய நிலைமை இருந்தால் அதுவே முதல் வேலை.

பயிற்சிக் கட்சியில் நடையா, எடை தூக்குவதா? நடை இலவசம், தொடங்க எளிது. சாப்பிட்டவுடன் மொட்டை மாடியில் 15 நிமிடம் நடந்தால் அந்த வேளைச் சர்க்கரை ஏற்றம் குறையும். தெருவில் போகிறவர்களின் பார்வைக்கு அஞ்சும் பெண்களுக்கும் மாடி வசதி. ஆனால் நடையால் தசை பெரிதாக வளராது. அதே வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் கேட்கிறது. இரண்டாவதைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். 'கை ஆம்பளை மாதிரி ஆகிடும்' என்ற பயம். பிசிஓஎஸ்-ல் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடியிருந்தாலும் வாரம் இரண்டு நாள் டம்பெல்லால் அப்படி ஆகாது. ஜிம்முக்குப் பணம் இல்லையென்றால் தோப்புக்கரணம் இருக்கிறது. பள்ளியில் தண்டனையாகப் போட்டதை மூன்று சுற்று, சுற்றுக்குப் பன்னிரண்டு என்று நிதானமாகப் போட்டுப் பாருங்கள். உடம்பின் பெரிய தசைகளெல்லாம் தொடையிலும் பிட்டத்திலும்தான்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மூன்றாவது வேட்பாளர். சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், மூன்று வருட முடிவில் வாழ்க்கைமுறை மாற்றமும் மெட்ஃபார்மினும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சர்க்கரை நோயைத் தடுத்தன. இரண்டையும் சேர்த்தபோதும் கூடுதல் பலன் வரவில்லை. மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் விடுங்கள். தோழிக்கு எழுதித் தந்த சீட்டில் வாங்காதீர்கள்.

என் ஓட்டுக்கு விதிவிலக்கும் உண்டு. முழங்கால் வலியோடு எடை மிகக் கூடியிருந்தாலோ, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்திருந்தாலோ சாப்பாட்டில் தொடங்குங்கள். சாப்பாட்டைப் பார்த்தாலே குற்ற உணர்வு, பட்டினி, பிறகு அள்ளி விழுங்குதல் என்று சுழலும் பெண்ணுக்கு அளவுக் கணக்கே வேண்டாம், பயிற்சி போதும்.

பலனை எதில் பார்ப்பது? பேக்கேஜில் சேர்த்து விற்கும் 'ஃபாஸ்டிங் இன்சுலின்' டெஸ்டுக்கு ஓட வேண்டாம். பிசிஓஎஸ் சிகிச்சையில் வழக்கமாக அதை எடுக்கச் சொல்வதில்லை. தையல்காரர் டேப் ஒன்று போதும். தொப்புள் மட்டத்தில் மாதம் ஒருமுறை அளந்து, மாதவிலக்குத் தேதியோடு சேர்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். கழுத்துக் கறுப்பு கடைசியாகத்தான் வெளுக்கும், அதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை பீர்க்கங்காய் நாரைக் கொண்டு கழுத்தைத் தொடாமல் இருந்தாலே தோலுக்கு நல்லது.