சின்ன கேரவனுக்கு ஹைட்ராலிக் ஜாக்கி தேவையா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆறு மீட்டருக்குள் அடங்கும் கேரவனுக்கு ஹைட்ராலிக் லெவலிங் ஜாக்கி, அதாவது பொத்தானை அழுத்தினால் வண்டிக்கு அடியிலிருந்து இறங்கி எண்ணெய் அழுத்தத்தில் வண்டியைத் தூக்கி மட்டமாக்கும் கால்கள், தேவையில்லை. திருவொற்றியூரில் வண்டியை வைத்துக்கொண்டு வடக்கே பழவேற்காடு, தடா, மேற்கே ஏலகிரி, ஏற்காடு என்று சில வருடங்களாகக் குடும்பத்தோடு போய்வந்த பிறகு இதைச் சொல்கிறேன். ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டுமா என்று கேட்டால், கண்டிப்பாக வேண்டும். வாங்கும்போது நிறையப் பேர் இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாக்கி விடுகிறார்கள். வண்டி கட்டிக் கொடுப்பவரும் அந்த இடத்தில்தான் லட்சக்கணக்கில் ஒரு தொகையைச் சேர்க்கிறார்.

என்னுடையது ஃபோர்ஸ் டிராவலர் 3350. அந்த எண், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் உள்ள தூரம், மில்லிமீட்டரில். நாலு பேர் படுக்கலாம். சின்ன சமையல் மேடை, கழிவறையோடு குளியல், கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். ஜாக்கி எதுவும் பொருத்தவில்லை.

வண்டி சாய்ந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது தோசைக்கல். எண்ணெய் ஒரு ஓரமாகப் போய் நிற்கும், மாவு அந்தப் பக்கம் தடிக்கும், இந்தப் பக்கம் கருகும். அடுத்தது குளியலறை. தண்ணீர் போகும் ஓட்டைக்கு எதிர் மூலையில் தேங்கி நின்றுவிடும், துடைத்துத் தள்ளினால்தான் போகும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. சமாளிக்க முடியாதது படுக்கைதான். எங்கள் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, தலைசுற்றலும் உண்டு. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய்ச் சேர்ந்த இரவு, கொஞ்சம் சரிவான இடத்தில் நிறுத்தியிருந்தோம். நடுராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "தலைப்பக்கம் பள்ளமா இருக்குப்பா, ரத்தமெல்லாம் மண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு" என்றார். தலையணையைக் கால்பக்கம் மாற்றிப் போட்டதும் தூங்கிவிட்டார். தலை ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தால் உடம்பு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதே அளவு கீழே போனால் தூக்கம் கெடுகிறது, பக்கவாட்டில் சரிந்தாலும் கெடுகிறது. அதனால் நான் முதலில் பக்கவாட்டைத்தான் சரிசெய்வேன். முன்பின் சரிவில் தலைமாடு மேலே இருக்கிறதா என்பது மட்டும் எனக்குப் போதும்.

ஃபிரிட்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை. கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் வைத்திருந்தால் கதை வேறு. அதற்குள் அம்மோனியா கலந்த திரவம் பம்பு இல்லாமல் தன் எடையால்தான் இறங்கி ஓட வேண்டும். சாய்ந்த நிலையில் மணிக்கணக்கில் ஓடினால் ஓட்டம் நின்று, சூடாக்கும் பகுதி அளவுக்கு மீறிக் காயும். உள்ளே துருத்தடுப்புக்காகப் போட்டிருக்கும் ரசாயனம் இறுகிக் குழாயை அடைத்துவிட்டால் அந்த ஃபிரிட்ஜின் ஆயுள் அதோடு முடிந்தது. கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. மனுஷன் படுக்க முடிகிற எந்தச் சாய்விலும் அது ஓடும்.

இப்போது கணக்கு. 3350 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு டிகிரி சரிவு என்றால் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் சுமார் 1.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு டிகிரிக்கு 3 சென்டிமீட்டர்தான். ஆகவே சரிவான இடத்தில் வண்டியை ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தாமல் குறுக்கே நிறுத்தினால் தூக்க வேண்டிய உயரம் பாதியாகக் குறைந்துவிடும். உருளும் பயமும் குறையும். சின்ன வண்டியின் வசதியே இதுதான், எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். ஒன்பது மீட்டர் வண்டிக்காரருக்குக் கிடைத்த திசையில்தான் நிற்க முடியும்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மரவாடியில், வீடு இடித்த பழைய பலகைகளை வாங்கி அறுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு அங்குலத் தடிமன், ஒன்றைவிட ஒன்று அரை அடி குட்டை. அடுக்கினால் படி மாதிரி இருக்கும், சக்கரம் சிரமமில்லாமல் ஏறும். பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டியானால் பலகை இரண்டு டயருக்கும் கீழே வர வேண்டும். ஒரு டயரில் மட்டும் பாரம் நின்றால் அது சீக்கிரம் வீணாகும். மட்டம் பார்க்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் ஒரு அடி ரசமட்டம். போனிலும் இதற்கு ஆப் இருக்கிறது, ஆனால் முதுகில் கேமரா மேடிட்ட போன்களை அப்படியே படுக்கப் போட்டால் அளவு தப்பாக வரும். வீட்டுக்காரம்மா உள்ளே சமையல் மேடையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்… கொஞ்சம்… போதும்ங்க" என்பார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். மழையில் நனைந்துகொண்டு பலகை போடும் நாட்களில் பொத்தானை அழுத்தினால் நன்றாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஆனால் பொத்தானை அழுத்துபவரும் கீழே இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. மாதவரத்தில் இருக்கும் நண்பரின் வண்டியில் நாலு மூலையிலும் ஹைட்ராலிக் ஜாக்கி உண்டு. இரண்டு குடும்பமும் பழவேற்காட்டில் ஏரிப் பக்கம் மணலில் நிறுத்தினோம். ஒரு மூலைக்கு ஒரு டன் பாரம் என்று வையுங்கள். ஜாக்கியின் பாதம் 20 சென்டிமீட்டர் வட்டம் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. இளக்கமான மணல் அதைத் தாங்காது. முதலில் மட்டமாக நின்ற வண்டி சோறு பொங்கி இறக்குவதற்குள் ஒரு மூலை இறங்கிவிட்டது. கடைசியில் என் பலகையை வாங்கி ஜாக்கிக்கு அடியில் போட்ட பிறகுதான் நின்றது. இரண்டு அடி நீளம், முக்கால் அடி அகலப் பலகை அதே பாரத்தை ஒரு கிலோவுக்கும் கீழே பிரித்துக் கொடுக்கிறது. பொன்னேரிப் பக்கம் மழைக்குப் பிந்திய களிமண்ணிலும் இதே நிலைதான்.

வடசென்னைக்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டியது உப்புக்காற்று. ஜாக்கியின் தண்டு பளபளவென்று குரோம் பூசியது. எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர் கரையோரத்தில் நிற்கும் வண்டியில் அந்தப் பூச்சு புள்ளி புள்ளியாக அரிக்கும். அரித்த தண்டு ஏறி இறங்கும்போது எண்ணெயை உள்ளே பிடித்து வைக்கும் ரப்பர் சீல் கிழியும், எண்ணெய் கசியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து தெருவுக்கு வந்ததை எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டிக்கு அடியில் எத்தனை உறுப்பு குறைவாக இருக்கிறதோ அத்தனைக்கு நல்லது. மணலி சாலைப் பள்ளங்களும் எங்கள் தெரு வேகத்தடைகளும் வேறு இருக்கின்றன. அச்சுக்கு முன்னும் பின்னும் தொங்கும் இரும்பு தரையில் தட்டாமல் போக வேண்டும்.

லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டபோது அவர் சொன்னது: "ஜாக்கி தூக்கறதுக்குண்ணா. நிக்கறதுக்குக் கட்டைதான்." பாதுகாப்பு விஷயத்தில் இது முக்கியம். பெரும்பாலான வேன்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். சரிவில் ஜாக்கி பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்லை, வண்டி ஜாக்கியோடு நகரலாம். நண்பருக்கும் இதைச் சொல்லி, சக்கரத்துக்கு எப்போதும் தடைக்கட்டை போட வைத்திருக்கிறேன்.

ஜாக்கி இல்லாத வண்டியில் இன்னொரு குறை, ஆட்டம். குழந்தைகள் உள்ளே ஓடினால் ஸ்பிரிங் ஆடும், தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். இது சாய்வு சம்பந்தப்பட்டதே அல்ல. பின் மூலைகளில் கையால் திருகும் இரண்டு முட்டுக்கால் வைத்தால் பெருமளவு நின்றுவிடும். அவை வண்டியைத் தூக்காது, அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். செலவும் கொஞ்சம்தான்.

அப்புறம், யாருக்குத்தான் ஹைட்ராலிக் வேண்டும்? ஏழு மீட்டருக்கு மேல் நீளமும் அதற்கேற்ற எடையும் உள்ள வண்டிக்கு, அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் வைத்தவர்களுக்கு, குனிந்து பலகை போட முடியாத முதுகுவலிக்காரர்களுக்கு, சக்கர நாற்காலியில் இருப்பவரை அழைத்துப் போகிறவர்களுக்கு. இவர்கள் வாங்குவதை ஆடம்பரம் என்று நான் சொல்லவே மாட்டேன். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் புதிதாகத் துளை போடாமல் பொருத்த முடியுமா, ஆர்.சி.யில் பதிவான எடைக்குள் வண்டி அடங்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரி செத்துப்போனால் ஜாக்கியைக் கையால் மேலே ஏற்ற ஒரு வழி இருக்கும். அதைப் பணம் கட்டும் முன் உங்கள் கண் எதிரிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். ஜாக்கி கீழே நின்றுவிட்டால் வண்டியை அந்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது.