கோத்தகிரியில் ஒரு பிசியோதெரபி மையம்: கால் உடைந்தவர்கள் தயங்காமல் போகலாம்

மார்க்கெட்டிலிருந்து கீழே இறங்குகிற சாலையில், ஒரு மாடிவீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. பெரிய போர்டு கிடையாது, விசாரித்துத்தான் போக வேண்டும். பச்சைத் தேயிலை ஏற்றிப்போன பிக்கப் கவிழ்ந்து, எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. கோயம்புத்தூரில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். மறுபடி நடக்க ஆரம்பித்தது இங்கேதான், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் பக்கம் பிசியோ என்றாலே "கரண்ட் வைக்கிறது" என்றுதான் நினைப்போம். நான் முதலில் போன வேறோர் இடத்தில் அதுதான் நடந்தது. மெஷினை மாட்டிவிட்டுப் போவார்கள், நேரம் முடிந்ததும் கழற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள், வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், கால் மட்டும் மடங்காது. இங்கே கரண்ட் கொஞ்ச நேரம்தான், மீதி முழுக்கப் பயிற்சி. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதை அமுக்கச் சொல்வார்கள், தொடைச் சதை இறுகுகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் மேடம் விரலை வைத்துப் பார்ப்பார். படுத்தே கிடந்ததில் என் தொடை வற்றிப்போயிருந்தது. அந்தச் சதை திரும்பி வந்தால்தான் முழங்கால் உடம்பைத் தாங்கும் என்பதை அங்கேதான் முதன்முதலாக ஒருவர் எனக்குப் புரியும்படி சொன்னார். புது எக்ஸ்ரே பார்த்து, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனில் பேசிய பிறகுதான் காலை ஊன்றவே விட்டார், அவசரப்படுத்தவில்லை.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "தைரியமா இருப்பா, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள், அதைக் கேட்டுக் கேட்டு யாரையும் பார்க்கவே பிடிக்காமல் போனது. மேடம் அப்படிச் சொன்னதே இல்லை. இரண்டு கை வைத்த கோணமானியை முழங்கால் பக்கத்தில் வைத்து அளப்பார், நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுவார். எனக்கு 35 டிகிரியில் ஆரம்பித்தது. நல்ல முழங்கால் 135 டிகிரி அளவுக்கு மடங்குமாம். "அவ்வளவு வருமான்னு இப்ப சொல்ல முடியாதுங்கண்ணா, ஆனா படி இறங்குற அளவுக்குக் கொண்டு வர முயற்சி பண்ணலாம்" என்றார். அந்த நேர்மைதான் என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பியது. நோட்டில் 2 டிகிரி கூடியிருந்தால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன்.

ஒரு கட்டத்தில் 80 டிகிரியில் அப்படியே நின்றுவிட்டது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் மேடம் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் பற்றிச் சொன்னார். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கம் தொடங்கினார், அந்தப் பெயரே அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்ததுதான். ஒரு டாக்டரின் பெயரை இப்படி வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற அளவுக்கு அந்தச் சிகிச்சை அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். அப்புறம் போனேன்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இந்த இடம் ஏன் முக்கியம் என்றால், இங்கே சமதரையில் நடக்க வைத்து "சரி, போங்க" என்று விடுவதில்லை. "தோட்டத்துல எதுவரைக்கும் இறங்கணும் உங்களுக்கு?" என்று கேட்டு, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில்தான் பழக்கினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஊன்றுகோல் ஒன்றுதான் என்றால் அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், ஊரில் எல்லாரும் எனக்கு மாற்றித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம், தொடைச் சதைதான் அங்கே பிரேக். இப்போது கோலோடு கடைசிப் பாத்தி வரை போய் இலை பறிப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. வாசலில் படிகள், ஒரு பக்கம்தான் கைப்பிடி, சக்கர நாற்காலியில் வருகிறவரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு இடத்துக்குச் சாய்தளம் இல்லாதது எனக்கு ஏற்கவே முடியவில்லை, நேரிலும் சொன்னேன். ஜனவரிக் குளிரில் அறை சில்லென்று இருக்கும், பிளேட் வைத்த இடம் கடுக்கும், ஹீட்டர் இல்லை. சாயங்காலம் கூட்டம் அதிகம், காலையில் போங்கள்.

ஒரு முறைக்கு 300 ரூபாய். அவ்வளவு கொடுக்க முடியாதவர்களிடம் மேடமே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். படுக்கையை விட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே இலவசமாக வருவார்கள் என்பதையும் அவர் சொல்லித்தான் எங்கள் ஊரில் சிலருக்குத் தெரிந்தது. போகும்போது எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் வரை மடித்துவிடக்கூடிய தொளதொள பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோலுக்கு அடியில் போடுகிற ரப்பர் புஷ் அங்கேயே கிடைக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் புதிதாக மாற்றிவிடுங்கள், தேய்ந்த புஷ் பாசி பிடித்த படியில் வழுக்கும்.