பழைய ஜாவா ஆப்: விஎம்லயே விடவா, டாக்கர்ல வைக்கவா, உடைச்சு எழுதவா?

பல வருஷமா ஜாவா 8ல, டாம்கேட்ங்கற வெப் சர்வர்ல ஓடுற பில்லிங் ஆப் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. விஎம்லயே (சர்வருக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்) விட்டுர்றது, அப்படியே தூக்கி டாக்கர்ல (ஆப்பையும் அதுக்கு வேண்டியதையும் ஒரே பெட்டியா, கன்டெய்னரா கட்டி ஓட்டுற டூல்) வைக்கிறது, இல்ல மைக்ரோசர்வீஸா (தனித்தனியா ஓடுற சின்னச் சின்ன சர்வீஸா) உடைச்சு எழுதுறதுன்னு மூணு வழி இருந்துச்சு, நாங்க நடுவுல உள்ளதத்தான் எடுத்தோம்.

விஎம்ல விட்டா இன்னிக்கு ஒரு வேலையும் இல்ல. ஆனா எந்த கிரான் ஜாப் (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை) எதுக்கு ஓடுது, எந்த ஃபான்ட் எங்க இருக்குன்னு ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் லீவுல போனா புதுசா ஒரு டெஸ்ட் சர்வர் ஏத்த முடியாது. டாக்கர்ஃபைல் (கன்டெய்னர்ல என்னென்ன வேணும்னு சொல்ற ஃபைல்) எழுத உக்காந்தப்பதான் அதெல்லாம் வெளிய வந்துச்சு, என்னைக் கேட்டா கன்டெய்னரோட முதல் லாபமே அதுதான்.

ஆனா அப்படியே தூக்கி வச்சா அடி வாங்குவீங்க. எங்க கன்டெய்னருக்கு 2 ஜிபி மெமரி லிமிட், நாள் பூரா நல்லா ஓடும், மாசக் கடைசி பில் போடுறப்போ பொத்துனு விழும், ஆப் லாக்ல ஒரு வரி இருக்காது, எக்ஸிட் கோடு 137 (வலுக்கட்டாயமா கொன்னதுக்கான நம்பர்) மட்டும்தான். பழைய ஜாவா 8க்கு அந்த லிமிட்டே தெரியாது, ஹோஸ்ட்ல 64 ஜிபி இருக்கறதப் பாத்துட்டு அதுல கால்வாசி, 16 ஜிபி வரைக்கும் ஹீப் (ஜாவா தன் டேட்டாவ வைக்கிற மெமரி) நமக்குத்தான்னு வளந்துக்கிட்டே போகும், 2 ஜிபிய தாண்டுனதும் கெர்னல் (ஓஎஸ்ஸோட மையம்) கொன்னுரும். 2018ல வந்த 8யு191லதான் (ஜாவா 8 அப்டேட் 191) இது சரியாச்சு, ஹோஸ்ட்ல சிகுரூப் (லினக்ஸ் இந்த லிமிட்ட வைக்கிற முறை) வி2ன்னா 8யு372 வேணும். அப்டேட் பண்ணா ஹீப் 2 ஜிபில கால்வாசியா, 512 எம்பியா சுருங்கிரும், அதனால மேக்ஸ்ராம்பர்சென்டேஜ (லிமிட்ல எத்தனை சதவீதம் ஹீப்புக்குன்னு சொல்ற செட்டிங்) நீங்களே 70 மாதிரி வைங்க. லாகின் செஷன ரெடிஸுக்கும் (தனியா ஓடுற மெமரி டேட்டாபேஸ்), அப்லோடு ஃபைல வால்யூமுக்கும் (கன்டெய்னர் போனாலும் நிக்கிற டிஸ்க் இடம்) மாத்திருங்க, இல்லன்னா ஒவ்வொரு டெப்லாய்க்கும் எல்லாரும் லாகவுட் ஆவாங்க, ஃபைலும் போயிரும்.

உடைச்சு எழுதுறது பேசுறதுக்கு நல்லாருக்கும். பில், ஸ்டாக், லெட்ஜர் மூணும் இப்ப ஒரே டிரான்சாக்‌ஷன்ல கமிட் ஆகுது, தனித்தனி டேட்டாபேஸா பிரிச்சா பில் பதிவாகி ஸ்டாக் குறையாத நிலைமைக்கெல்லாம் நாமளே கோடு எழுதணும், சின்ன டீம் அதுக்குள்ள இறங்க வேணாம். குபர்னெடிஸும் (பல சர்வர்ல கன்டெய்னர்கள நிர்வகிக்கிற சிஸ்டம்) அப்படித்தான், ஒரு ஆப் ரெண்டு காப்பி ஓடுறதுக்கு டாக்கர் கம்போஸே (சில கன்டெய்னர்கள ஒண்ணா ஓட்டுற சின்ன டூல்) தாராளம்.

டாட்நெட் ஃப்ரேம்வொர்க் (மைக்ரோசாஃப்ட்டோட பழைய, விண்டோஸ் மட்டும் டாட்நெட்) ஆப்னா நான் விஎம் பக்கம்தான். அது விண்டோஸ் கன்டெய்னர்ல மட்டும்தான் ஓடும், இமேஜே ஜிபி கணக்குல வரும்.

நாங்க பிரிச்சது பிடிஎஃப் பிரின்ட் மட்டும். அது டேட்டாபேஸ்ல எதையும் எழுதறதில்ல, அது விழுந்தாலும் பில் போடுறது நிக்காது.