குன்னூர் ஈரத்தில் அசாயி பொடி: ஒன்றரை வருட அனுபவம்

கொடைக்கானலில் இருக்கும் தோழி போன வாரம் ஃபோனில் கேட்டாள்: "1,350 ரூபாய்க்கு வித்த அசாயி பொடி இப்ப 990க்கு வந்திருக்கு. நீதான் ரொம்ப நாளா சாப்பிடுறியே, வாங்கலாமாடி?" அசாயி என்பது பிரேசிலின் அமேசான் பக்கம் விளையும் ஊதாப் பழம், அதன் கூழை உலர்த்திய பொடி இது. பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் ஈரத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், அவளைப் போல மலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

நான் குன்னூர்வாசி. வாரம் 3 நாள் காலையில் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் தாண்டி ஏற்றத்தில் ஓடுவேன். 2 நாள் வீட்டிலேயே டம்பெல். ஓடிய நாட்களில் மட்டும் 10 கிராம் பொடியை வாழைப்பழத்தோடும் தயிரோடும் அடித்துக் குடிப்பேன். 100 கிராம் பாக்கெட் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வர வேண்டும்.

வராததுதான் பிரச்சினை. பாக்கெட்டின் பின்பக்கம் "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று போட்டிருக்கிறார்கள். குளிர்ந்த இடத்துக்கு இங்கே குறைவே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் உலர்ந்த இடத்துக்கு எங்கே போவது? துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது, பிரித்த அப்பளம் அன்றே நமுத்துப்போகிறது. இந்தப் பொடி அவற்றைவிட மோசம். பழக்கூழை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, உள்ளே இருக்கும் பனிக்கட்டியை அப்படியே ஆவியாக்கித்தான் இதைச் செய்கிறார்கள். தண்ணீர் இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும். அப்படிப்பட்ட பொடியை மூடுபனியில் திறந்தால் ஈரத்தைக் குடிக்காமல் என்ன செய்யும்? முதல் வருட மழையில் ஒரே வாரத்தில் பாக்கெட் முழுக்கக் கட்டியானது. ஸ்பூன் வளைந்தது, கட்டி அசையவில்லை. ஜிப் பள்ளத்தில் பொடி ஒட்டிக்கொண்டதால் மூடவும் முடியவில்லை. இன்னும் ஒரு வாரத்தில் ஊதா நிறம் பழுப்படித்து, காறல் எண்ணெய் வாடை வந்துவிட்டது. பாதியைக் குப்பையில் கொட்டினேன்.

விற்றவர்களுக்கு எழுதினால், வைத்த இடம் சரியில்லை என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை படம் எடுத்து அனுப்பிய பிறகு வேறு பாக்கெட் அனுப்பினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே ஜிப் பைதான் வந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்துத் தர இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

துணியில் அரிசி முடிந்து போட்டுப் பார்த்தேன், பலனில்லை. தினமும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்தால் இன்னும் மோசம், குளிர்ந்த பொடிமேல் காற்றின் ஈரம் வந்து படிந்துவிடுகிறது. கடைசியில் கைகொடுத்தது இதுதான். வெயில் அடிக்கும் ஒரு மத்தியானம் பாக்கெட்டைப் பிரித்து, நன்றாகக் காய்ந்த நான்கு சின்னப் புட்டிகளில் பங்கிட்டு, மூன்றை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். அடுத்த புட்டியை எடுத்தால் அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடக் கூடாது. இப்படிச் செய்தபின் வீணாவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடுத்து உடற்பயிற்சி விஷயம். பாக்கெட்டில் பளு தூக்குபவர் படம் இருக்கிறது. அதே பாக்கெட்டின் அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 8 கிராம்தான். நான் போடும் 10 கிராமில் ஒரு கிராம்கூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. தசைக்காக என்றால் சுண்டலும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரண்டு மாதம் நிறுத்தியும் பார்த்தேன், கால்வலியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஊதா நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமிக்காக என்றால், அது நம் நாவல் பழத்திலும் இருக்கிறது.

அப்படியானால் ஒன்றரை வருடமாகியும் ஏன் இதை விட்டுவிடவில்லை? ருசி. இனிப்பான பழம் என்று நினைத்து வாங்கியிருந்தேன். இதில் சர்க்கரை மிகக் குறைவு, மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, நார்ச்சத்து அதற்கும் மேலே. மண்வாசனையும் லேசான கசப்புமாக, கோகோவின் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். பிரேசிலில் ரியோ பக்கம்தான் சர்க்கரைப் பாகு சேர்த்துக் கிண்ணத்தில் உறைய வைத்துச் சாப்பிடுகிறார்கள். பழம் விளையும் பாரா மாநிலத்தில், அமேசான் முகத்துவாரத்தில், அது சாப்பாடு. இனிப்பில்லாமல், மரவள்ளி மாவும் பொரித்த மீனும் வைத்துச் சாப்பிடுவார்கள். பறித்த பழம் ஓரிரு நாளுக்குமேல் தாங்காது என்பதால்தான் நமக்குப் பொடியாக வருகிறது.

இதைத் தெரிந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமை, மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, நெத்திலி பொரித்து, பொடியை வெந்நீரில் கெட்டியாகக் குழைத்து ஒரு கல் உப்பு போட்டேன். நன்றாக இருக்கும் என்று நம்பிச் செய்யவில்லை. ஆனால் கிழங்கின் மாவும் நெத்திலியின் உப்பும் அந்தக் கொழுப்போடு சேர்ந்தபோது, இத்தனை மாதம் வாழைப்பழத்தில் போட்டு இதைக் கெடுத்துவிட்டோமே என்று இருந்தது. அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மரவள்ளியும் அந்த மண்ணிலிருந்து நம்மிடம் வந்ததுதானே. இப்போது உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழிலும் கலந்து குடிக்கிறேன். ஏற்றம் ஓடிவிட்டு வந்து அதைக் குடித்தால் மதியம்வரை பசிப்பதில்லை. அதில் பாதி கூழின் வேலையாகவும் இருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் தோழிக்கு நான் சொன்ன பதில், வாங்காதே. 990 ஆனாலும் வேண்டாம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அன்று காலைதான் ஒரு புட்டியை அவசரத்தில் சரியாக மூடாமல் விட்டு, திரும்பவும் கட்டியைக் குத்திக்கொண்டிருந்தேன். கொடைக்கானலிலும் இப்போது இதே மழைதான். ஜனவரியில் உறைபனி விழுந்து காற்று காய்ந்ததும் கேள் என்று சொல்லியிருக்கிறேன். அப்போது வேறு பதில் சொன்னாலும் சொல்வேன்.