பட்டு ஸ்டாக்கிங்ஸா, நைலானா?

ஸ்டாக்கிங்ஸ் என்றால் பெண்கள் மாட்டிக்கொள்ளும் மெல்லிய, நீளமான காலுறை. கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால் பட்டுதான் ஜெயிக்கும். வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், குளிருக்கும் இதமாக இருக்கும். நைலான் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. புழுக்கமான நாளில் காலோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் 1939 அக்டோபர் 24 அன்று, நைலானை உருவாக்கிய டூபான்ட் நிறுவனத்தின் சொந்த ஊரான அமெரிக்காவின் வில்மிங்டனில், கடைக்கு வந்த 4,000 ஜோடி நைலான் ஸ்டாக்கிங்ஸும் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோயின.

எனக்குத் தெரிந்து பட்டைக் கவிழ்த்தது முழங்கால்தான். உட்கார்ந்து எழுந்தால் பட்டு முட்டியிலும் கணுக்காலிலும் தொளதொளவென்று தொங்கிவிடும். நைலானை அப்படியே கால் வடிவ அச்சில் மாட்டி நீராவி காட்டினால், அந்த வடிவம் அதில் பதிந்துவிடும். துவைத்தாலும் மாறாது, சீக்கிரம் காய்ந்தும்விடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது போதாதா?

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. எஃகு போல உறுதி என்று நைலானுக்குப் பேச்சு அடிபட்டது. கிழியவே கிழியாது என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். பட்டோ நைலானோ, பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால், அது பிடித்திருந்த அடுத்த கண்ணியும் நழுவும். அப்புறம் என்ன, ஏணிப்படி மாதிரி நீளமாக ஓடிவிடும். கிழிசலின் முனையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து நிறுத்துவதுதான் பெண்கள் கண்ட வைத்தியம்.

மெல்லிசு எவ்வளவு என்று பார்க்க டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் நூல் 15 கிராம் இருந்தால் அது 15 டெனியர். வேடிக்கை என்னவென்றால், இந்த அளவே பட்டு வியாபாரத்திலிருந்து வந்தது!

இரண்டாம் உலகப் போர்க் காலம். 1941இல் அமெரிக்காவுக்கு ஜப்பான் பட்டு வருவது நின்றது. 1942இல் நைலானும் பாராசூட்டுக்குப் போய்விட்டது. வெறுங்காலில் சாயம் பூசி, பின்னால் புருவப் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. அப்போதைய ஸ்டாக்கிங்ஸைத் தட்டையாகப் பின்னி, பின்பக்கம் சேர்த்துத் தைப்பார்கள்; அந்தத் தையலுக்குப் பதில்தான் இந்தக் கோடு. தையலே இல்லாத வட்டப் பின்னல் பரவலானது பிறகுதான். திருப்பூரில் பனியன் துணி ஓடுவதும் அந்த வகைப் பின்னலில்தான்.

போர் முடிந்து 1946இல் பிட்ஸ்பர்க்கில் 13,000 ஜோடிக்குச் சுமார் 40,000 பேர் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் நின்றது நைலானுக்கு.