ஒரே ஒப்ஜெக்டில் இரண்டு தொகை: ஜாவாஸ்கிரிப்டோடு குப்பை கொட்டிய அனுபவம்

மச்சான் ஒருத்தன் போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டான்: "சொந்தமா ஒப்ஜெக்ட் செய்து அதில புரோப்பர்ட்டி வைக்கிற வேலைக்கு சும்மா ஜாவாஸ்கிரிப்ட் காணுமா, இல்லாட்டி நேர டைப்ஸ்கிரிப்டுக்குப் போகட்டா?" ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் பிழையான நேரம். கொக்குவில் பக்கம் ஒரு கதிரை வாடகைக் கடையின் கணக்குப் பக்கத்தை அப்போதுதான் பழுது பார்த்து முடித்திருந்தேன், கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் இது கொஞ்சம் நீளும். புள்ளி வைத்து எப்படி எழுதுவது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. மற்றவர்களுக்கு ஒரு வரி: ஒப்ஜெக்ட் என்பது ஒரு பதிவு, புரோப்பர்ட்டி என்பது அதற்குள் பெயரோடு இருக்கும் ஒரு பெறுமதி, டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைச் சரிபார்ப்பு சேர்த்த மொழி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. ஜாவாஸ்கிரிப்டில் புரோப்பர்ட்டிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மேற்கோள் குறி, சதுர அடைப்பு ஒன்றும் வேண்டாம், பதிவு.கதிரை = 250 என்று எழுதினால் அப்படியே ஓடும். பதிவு.மணவறை, பதிவு.முற்பணம், பதிவு.மீதி எல்லாம் சரி. தமிழ்ப் பற்றில் செய்வதல்ல, வசதிக்குச் செய்வது. முற்பணத்தை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஒருத்தர் நடுவில் ஆர் போடுவார், இன்னொருத்தர் டி போடுவார், மூன்றாமவர் இரண்டையும் போடுவார். மூன்று பேரும் ஒரே கோப்பில் கை வைத்தால் கணக்கு விளங்கினது மாதிரித்தான். அதோடு, கடைக்கார அண்ணைக்குக் கோட் தெரியாது, ஆனால் பதிவு.மீதி = பதிவு.தொகை - பதிவு.முற்பணம் என்ற வரியைத் திரையில் பார்த்துவிட்டு, "தம்பி, உடைஞ்ச கதிரையின்ர காசு இதுக்குள்ள வரேல்லையே?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி.

கேட்ட கையோடு பதிவு.உடைவு = 1200 என்று ஒரு வரி எழுதினேன், சேர்ந்துவிட்டது. முன்கூட்டி அறிவிக்க வேண்டாம், எங்கேயும் போய் அட்டவணையைத் திருத்த வேண்டாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தல்காரரிடம் அவர் வாடகை வாங்குவதில்லை, அந்தப் பதிவுகளில் மட்டும் பதிவு.உபயம் என்று ஒன்று இருக்கும். கலியாண வீட்டுப் பதிவுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பத்து நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார் என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அவசர வேலைதான், ஆனாலும் இந்த இடம் கைக்கு இதமாக இருக்கிறது.

எரிச்சலும் அதே இடத்தில்தான். எதை வைத்தாலும் வாங்கிக்கொள்ளும், வாயே திறக்காது. முற்பனம் என்று ன போட்டுவிட்டால், அப்படி ஒன்று இங்கே இல்லையே என்று கேட்காது. புதிதாக ஒன்றை உண்டாக்கிக் காசை அதற்குள் போட்டுவிடும். இல்லாத ஒன்றை வாசித்தால் அன்டிஃபைன்ட் தரும், அதைக் கூட்டினால் என்ஏஎன், அதாவது எண்ணே இல்லை என்று வரும். பிழை நடந்தது ஓரிடம், தெரியவருவது மூன்று பக்கம் தள்ளி, பில்லில், அதுவும் வாடிக்கையாளர் கையில். கொன்ஸ்ட் போட்டுவிட்டால் எல்லாம் பூட்டியாச்சு என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மாறியின் பெயரைத்தான் பிடித்து வைக்கிறது, உள்ளே இருக்கும் புரோப்பர்ட்டிகளைத் தொடுவதே இல்லை.

இதெல்லாம் பழகின தலையிடி. இந்த முறை வந்தது வேறு வகை. கடையின் பழைய பட்டியல் யூனிக்கோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டியது. யாரோ அதை ஒரு மாற்றியில் போட்டு யூனிக்கோடாக்கி, தலைப்பு வரிசையோடு பக்கத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். தலைப்புகளே புரோப்பர்ட்டிப் பெயர்களாகும்படிதான் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருந்தது. பில் அடித்தால் மொத்தம் 0, முற்பணம் 5000, மீதி கழித்தல் 5000. அதாவது மணவறையும் கதிரையும் அனுப்பிய கடைக்காரர்தான் கலியாண வீட்டுக்கு ஐயாயிரம் ரூபா கொடுக்க வேண்டும்.

கொன்சோலில் அந்தப் பதிவை விரித்துப் பார்த்தால் தொகை: 18500 என்று இருக்கிறது. இரண்டு வரி கீழே தொகை: 0 என்றும் இருக்கிறது. ஒரே ஒப்ஜெக்டில் இரண்டு தொகை! இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கடைசியில் இரண்டு பெயரின் லெங்த்தையும், அதாவது எத்தனை குறி என்பதை, கேட்டபோது ஒன்று 4 என்றது, மற்றது 5 என்றது.

விசயம் இதுதான். ஒகரக் குறியை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுதலாம். ொ என்று ஒரே குறியாகப் போடலாம், அதன் எண் 3018. அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாக 3014, 3006 என்று இரண்டு குறியை அடுத்தடுத்து வைக்கலாம். ஓகாரத்துக்கும் இதே கதைதான். திரையில் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் தெரியாது, யூனிக்கோடே இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. என் விசைப்பலகை முதல் விதம், அந்த மாற்றி இரண்டாவது விதம். பாமினியில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டுவதால் அது அப்படி மாற்றியதில் அதிசயமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களை ஒப்பிடும்போது இந்தச் சமத்தைக் கணக்கில் எடுக்காது, எண் வேறென்றால் பெயரும் வேறு. ஆகவே கதிரை, முற்பணம், மீதி எல்லாம் ஒழுங்காக வேலை செய்ய, தொகை, தொலைபேசி, போக்குவரத்து மூன்றும் மட்டும் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன. பெயர் இல்லையென்றால் 0 வை என்று பழைய கோட்டில் ஒரு வரி இருந்தது, அது 18500ஐப் பார்க்காமல் புதுத் தொகை ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டது.

பைத்தன் கோட்டில் எழுதும் பெயர்களை வாசிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். நியாயமாகச் சொன்னால் அங்கேயும் டிக்‌ஷனரிச் சாவிகளுக்கு அந்தச் சலுகை இல்லை, ஆகவே இந்தப் பட்டியலை ஏற்றியிருந்தால் அங்கேயும் அடி விழுந்திருக்கும். ஆனால் இன்றைக்கு நியாயம் பேசுகிற மனநிலையில் நான் இல்லை.

பூட்டுப் போட வழியில்லையா என்றால், இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின், 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே ஃப்ரீஸ், சீல் எல்லாம் வந்துவிட்டன. பதிவை உண்டாக்கியதும் சீல் பண்ணிவிட்டால் புதுப் பெயர் எதுவும் சேராது. ஆனால் சேராதபோது சத்தம் போடுமா என்பது ஒப்ஜெக்டைப் பொறுத்ததல்ல, எழுதுகிற கோட்டைப் பொறுத்தது. மொடியூலுக்குள், கிளாசுக்குள், அல்லது மேலே கண்டிப்பாய் நட என்று யூஸ் ஸ்ட்ரிக்ட் போட்ட இடத்தில் எழுதினால் டைப்எரர் என்ற பிழை வரும். பழைய பக்கங்களில் பட்டனோடேயே ஒன்கிளிக் என்று எழுதி வைத்திருப்பார்களே, அங்கிருந்து எழுதினால் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வேலையைச் செய்யாமல் போகும் ஆளைப் போல, காசைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். முன்பாவது வேறு பெயரிலாவது கிடந்தது, இப்போது அதுவும் இல்லை.

டைப்எரர் வந்த இடத்திலும் அது சொன்னதைக் கேளுங்கள்: தொகை என்ற புரோப்பர்ட்டியைச் சேர்க்க முடியாதாம், இந்த ஒப்ஜெக்டில் புதிதாக எதையும் சேர்க்க இடமில்லையாம். தொகை ஏற்கெனவே அங்கே இருக்கிறதே ஐயா!

புரோப்பர்ட்டி வைக்க இன்னொரு வழியான டிஃபைன்புரோப்பர்ட்டி பற்றி ஒரே ஒரு வரி: அதில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் மாற்ற முடியாததாகவும், பட்டியலிடும்போது தெரியாததாகவும் வைக்கும், பிறகு ஜேசொன் என்ற எழுத்து வடிவில் சேமித்துத் திறந்தால் மீதியைக் காணவில்லை என்று தேட வேண்டிவரும்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது 2022 பதிப்பில் வந்த பிரைவேட் ஃபீல்ட், கிளாசுக்கு வெளியே தெரியாத பெயர். கிளாசுக்குள் #தொகை என்று முதலில் அறிவித்தால்தான் பிறகு பாவிக்கலாம். அறிவிக்காத பெயரைத் தொட்டால், அது ஒற்றைக்கொம்பு வித்தியாசமாக இருந்தாலும் சரி, பக்கம் ஓடத் தொடங்கும் முன்பே வரி எண்ணோடு பிழை வரும். இவ்வளவு வருடம் கழித்து இந்த மொழி முதல்முறையாக வாய் திறந்து கேட்டது போல் இருந்தது. அதற்கு விலையும் உண்டு. வெளியிலிருந்து பெயரைக் கொடுத்து மொத்தமாக ஏற்ற முடியாது, ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும். ஜேசொனில் தானாக வராது, அதற்குத் தனியாக ஒரு மெதட் எழுத வேண்டும். உபயம், உடைவு என்று நினைத்த நேரம் செருகுகிற சுகம் போயே போச்சு. பட்டியலை ஏற்றும் இடத்தில் தலைப்புகளுக்கெல்லாம், இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் நோர்மலைஸ் போட்டேன், அது 2015இலிருந்து எல்லா எழுத்துத் தொடருக்கும் இருக்கிறது. பாமினியிலிருந்து மாற்றியது எதுவானாலும் அந்த வாசலால் வரட்டும்.

மச்சானுக்கு, கண்ணை மூடிக்கொண்டு டைப்ஸ்கிரிப்டுக்குப் போ என்று சொல்லிவிட்டேன். தட்டும்போதே சிவப்புக் கோடு போடும். ஆனால் அந்தக் காவல் ஓடும் நேரத்தில் இல்லை, வெளியிலிருந்து வரும் பட்டியலை அது பார்க்காது, ஆகவே என் கதை அவனுக்கும் நடக்கலாம். அதைச் சொன்னதற்கு ஒரு கட்டைவிரலை அனுப்பியிருக்கிறான்.

மார்க் போடச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் ஒப்ஜெக்டுக்கு இன்றைக்கு 5க்கு 2. போன மாதம் கேட்டிருந்தால் 4 போட்டிருப்பேன். காசு புழங்கும் இடத்தில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அண்ணை இப்போது ஜெனரேற்றர் வாடகைக்கும் ஒரு பக்கம் கேட்கிறார், மணித்தியாலக் கணக்கும் டீசல் காசும் சேர்த்து. அதையும் இதில்தான் எழுதுகிறேன், பதிவு.டீசல் என்று.